சாம்பல் வரிசை

10 செப்டம்பர்

அடியே சின்னவளே,

போனை எடுக்க மாட்டாய். செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாய். தபாலில் வந்தால் பிரித்துத்தானே ஆக வேண்டும்? அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதுவதை எல்லாம் எழுத்தெழுத்தாகத் திருத்துகிறவள், அக்கா எழுதியதைப் படிக்காமல் போட்டுவிடுவாயா, பார்க்கிறேன்.

உன் கோபம் எனக்குத் தெரியும். ஏப்ரலில் மாப்பிள்ளை இறந்துபோனபோது நான் வரவில்லை. எனக்கு எட்டாம் மாதம், ரத்தக் கொதிப்பு, கட்டிலை விட்டு இறங்கினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை உன்னிடம் ஆறு முறை சொல்லியாகிவிட்டது. ஏழாவது முறையும் சொல்கிறேன். அன்றைக்கு உன் பக்கத்தில் நான் இல்லாதது என் ஆயுசுக்கும் ஆறாது.

அதற்காக என் பெண்ணை நீ வந்து பார்க்காமலே இருப்பது நியாயமா? நாலு மாதம் ஆகப் போகிறது. இடது காதுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு மச்சம். அதனால் வீட்டில் அவளுக்கு மிளகு என்றே பேர் ஆகிவிட்டது. குணமும் காரம்தான். பால் ஐந்து நிமிடம் தாமதித்தால் தெருவைக் கூட்டிவிடுகிறாள். நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் விரிப்புகளுக்கு நோட்டுப் போடுவதுபோல அவளுக்கும் ஒரு நோட்டுப் போட்டு, குடித்தது, தூங்கியது, நனைத்தது எல்லாம் எழுதி வைக்கிறேன். உன் அத்தான் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

நீ யாரோ ஆலோசகர் அம்மாவிடம் போகிறாயாம், அங்கே கம்பளி பின்னுகிறாயாம், கேள்விப்பட்டேன். சட்டைப் பொத்தான் தைக்கச் சொன்னால் விரலையும் சேர்த்துத் தைக்கிறவள் நீ. ஆனாலும் நீ ஏதோ ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறாய் என்று தெரிந்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதைப் பற்றியாவது இரண்டு வரி எழுது.

அக்கா


14 செப்டம்பர்

அக்கா,

ஆறு முறை இல்லை, நாலு முறை. எண்ணிக்கையில் நீ எப்போதும் கூட்டித்தான் சொல்வாய்.

பின்னல் பற்றிக் கேட்டாய். வாரம் இரண்டு நாள் சாயங்காலம் ஒரு கிளினிக்கின் பின்னறையில் ஐந்து பேர் கூடுகிறோம். மனசுக்குள் கிடப்பதை வாயால் சொல்ல வராதவர்களுக்குக் கை வேலை. ஒரு பஸ் கண்டக்டர் களிமண்ணில் கோப்பை செய்கிறார். வேலையை விட்டுவிட்ட டீச்சர் ஒருவர் வண்ணம் தீட்டுகிறார். எனக்கு ஆலோசகர் அம்மா இரண்டு பின்னல் ஊசிகளையும் ஏழு நிறத்தில் கம்பளி நூலையும் கொடுத்தார். அதில் ஒரு சால்வை, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரிசை. அன்றைக்கு மனசு எப்படி இருந்ததோ அந்த நிறம். சந்தோஷம் என்றால் மஞ்சள், அமைதி என்றால் நீலம், கோபத்துக்குச் சிவப்பு, பொறாமைக்குச் சாம்பல், இப்படி. "எதுக்காகவும் பிரிக்கக் கூடாதும்மா. தப்பாப் போட்டாலும் அதுவும் ஒரு நாள்தான்" என்றார். அது ஒன்றுதான் சட்டம்.

நான் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் கடைசியில். ஆனால் ஏப்ரல் இரண்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார், என் வீட்டுக்காரர் லிஃப்ட் குழிக்குள் விழுந்ததற்கு முந்தின நாளிலிருந்து. அது மஞ்சள். குளியலறைக் குழாயைச் சரி செய்கிறேன் பேர்வழி என்று வீட்டையே குளிப்பாட்டிவிட்டார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அடுத்த வரிசை கறுப்பு. அதற்கப்புறம் இருபது வரிசைக்கு எல்லாமே கறுப்பு.

பலன் இல்லாமல் இல்லை. ஊசி ஓடும்போது மண்டைக்குள் ஓடுவது நிற்கிறது. நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறேன்.

உன்னிடம் ஒன்று மறைக்க விருப்பமில்லை. மே இருபதாம் தேதி, பெண் பிறந்திருக்கிறது என்று அத்தான் சொன்ன அன்று, நான் போட்டது சாம்பல். கடவுள் என்னிடமிருந்து பிடுங்கி உனக்குக் கொடுத்ததுபோல இருந்தது. ஆசையாகப் போடவில்லை. ஆனால் பொய்யாகவும் போடவில்லை. முந்தாநாள் பன்னிரண்டாம் தேதிதான் பொய் சொன்னேன். அவருடைய சட்டைகளை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து அழுது தீர்த்த நாள், ஆலோசகர் அம்மா பார்க்கப் போகிறாரே என்று நீலம் போட்டுவிட்டேன். அந்த வரிசை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. தவறு இருக்கும் பக்கத்தை அச்சுக்கு விட்டதுபோல உறுத்துகிறது.

சின்னவள்


18 செப்டம்பர்

சின்னவளே,

உன் சாம்பலைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். பிறகு உன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். நானாக இருந்தால் சாம்பலோடு விட்டிருக்க மாட்டேன், தலையணையைக் கிழித்திருப்பேன். அதனால் மன்னிப்பு. ஆனால் நேரில் வந்து அவளைத் தூக்கினால்தான் முழு மன்னிப்பு.

பெரிய செய்தி. பதினாறாம் தேதி மிளகு புரண்டுவிட்டாள். காலை பதினொன்று பத்து, நோட்டில் இருக்கிறது. முன்னறையில் நீலப் பாயில் போட்டிருந்தேன், இடது பக்கமாகப் புரண்டு குப்புற விழுந்து, தானே செய்துவிட்டு என்னமோ நான் தள்ளிவிட்டதுபோல என்னை முறைத்தாள். அந்த நேரம் பார்த்து வேலையிடத்திலிருந்து போன். உலர்த்தும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்துவிட்டதாம், புது மேற்பார்வைக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லையாம். "லீவுல இருக்கிறவளைக் கூப்பிட்டு ஏன் உயிரை எடுக்கறீங்க? பிள்ளை புரளுது, வைங்க போனை" என்று வைத்துவிட்டேன்.

நீல வரிசை உறுத்துகிறது என்றாயே, விட்டுத் தள்ளு. யார் வந்து கம்பளிக்கு மெய்ப்புப் பார்க்கப் போகிறார்கள்?

அக்கா


12 செப்டம்பர்

அக்கா,

தேதியைப் பார்த்து, தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று நினைக்காதே. உட்கார்ந்து நிதானமாகப் படி. அத்தானிடம் இப்போதைக்குக் காட்டாதே. நாளுக்கொரு நிறத்தில் நான் போடும் சால்வை, மே இருபதில் போட்ட சாம்பல், பன்னிரண்டில் பொய்யாகப் போட்ட நீலம், எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், முதலில் அதைப் படி.

நீ பதினெட்டாம் தேதி எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. நீ அதை இன்னும் எழுதவில்லை. இருபத்தொன்றாம் தேதி காலையில், அந்த நீல வரிசையைத் திருத்தாமல் இனி ஒரு கண்ணிகூடப் போட முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். சட்டத்தை மீறினேன். பின்னலைக் கடைசியிலிருந்துதானே பிரிக்க முடியும்? ஒன்பது வரிசை பிரித்தேன். நூல் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அச்சகத்துக்குப் போனேன். நான் போன வாரம் திருத்தி முடித்த விவசாயப் புத்தகத்தின் அதே நாற்பது பக்கங்கள் மேசையில், அதே தவறுகளோடு. "நேத்துதான் வந்துச்சு, அவசரமில்ல" என்றார் அச்சுக் கோப்பவர். சுவரில் பன்னிரண்டாம் தேதி. வீட்டுக்கு ஓடிவந்தேன். நான் கொடுத்துவிட்ட அவருடைய சட்டைகள் பையில் கட்டி, கதவோரம் இருந்தன.

சாயங்காலம் கிளினிக் பின்னறைக்குப் போனேன். பதினைந்தாம் தேதி சூளையில் வெடித்துச் சிதறிய கண்டக்டரின் கோப்பை, பலகையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது. ஆலோசகர் அம்மா என் மடியில் சுருண்டிருந்த நூலைப் பார்த்தார். திட்டவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. பக்கத்தில் வந்து குனிந்து, "எத்தனை வரிசை?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது என்றேன். "இதோட நிறுத்துங்கம்மா" என்று சொல்லிவிட்டு டீச்சரின் படத்தைப் பார்க்கப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை.

நீ நம்ப மாட்டாய். அதனால் சொல்கிறேன். வரும் பதினாறாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு, முன்னறையில் நீலப் பாயில், மிளகு இடது பக்கமாகப் புரளுவாள். அதே நேரம் உலர்த்தும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்து உனக்குப் போன் வரும். வந்ததும் எழுது.

ஒன்பது வரிசைக்கு ஒன்பது நாள். என் சால்வையில் ஏப்ரல் இரண்டு வரைக்கும் இருக்கிறது, அக்கா.

சின்னவள்


17 செப்டம்பர்

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்ததும் அழுகை வந்தது. உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நாம் பக்கத்தில் இல்லாமல் போனோமே என்றுதான் அழுதேன். அத்தானிடம் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. நல்ல டாக்டராகப் பார்ப்போம் என்றார்.

நேற்றுக் காலை வேண்டுமென்றே நீலப் பாயைச் சுருட்டி மேலே வைத்தேன். பிள்ளையை உள்ளே கட்டிலில் போட்டுக் காவல் இருந்தேன். பத்தே முக்காலுக்கு நனைத்துவிட்டாள். நான் துணி எடுத்து வருவதற்குள் உன் அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போய், பாயை எடுத்து விரித்து, முன்னறையில் போட்டுவிட்டார். "தரைதான் பத்திரம்" என்கிறார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசற்படியில் நின்றேன். பதினொன்று பத்து. இடது பக்கம். போன் அடித்தது. எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? பெல்ட்தானே?

பெற்ற பிள்ளை முதன்முதலாகப் புரண்டு படுக்கிறது, எனக்கு முதுகு சில்லிட்டுப் போகிறது. இந்தப் பாவத்தை யாரிடம் சொல்ல?

நம்புகிறேன், சின்னவளே. நம்புவதால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். ஏப்ரல் இரண்டு வரைக்கும் இருக்கிறது என்று ஏன் எழுதினாய் என்று எனக்குப் புரியாதா? உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். உன் அத்தானுக்கு ஏதாவது ஆகி என் கையில் அந்தச் சால்வை இருந்தால் நானும் பிரித்துக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் ஏப்ரலுக்குப் போகிற வழியில் மே இருபது இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் போனால் மிளகு இல்லை.

அந்தச் சாம்பல் வரிசையைத் தொடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அக்கா


3 ஜூலை

அக்கா,

இதற்கு முன் நாம் எழுதிக்கொண்டது எதுவும் உனக்கு நினைவிருக்காது. உன் கணக்கில் நான் உனக்குக் கடிதமே போட்டதில்லை. அதனால் நீயே எழுதிய ஒரு கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. தேதியைப் பார்த்துப் பதறாதே. கையெழுத்தைப் பார்.

படித்தாயா? நீ அவ்வளவு கெஞ்சியும் நான் எழுபத்தொன்பது வரிசை பிரித்துவிட்டேன். கை தானாகப் போனது என்று சொன்னால் அது பொய். முழு நினைவோடுதான் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க வெளியே வெயில் மாறுகிறது. எதிர்வீட்டுக்காரர் ஆகஸ்டில் வெட்டிப் போட்ட மரம் என் ஜன்னலுக்கு நேரே மறுபடி நிற்கிறது, அதில் பறவை வேறு உட்கார்ந்திருக்கிறது. அத்தான் அனுப்பிய மிளகின் படங்கள் என் போனில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. கடிதங்கள் மட்டும் ஏன் போகவில்லை என்று தெரியவில்லை. கையால் செய்தது போகாதோ என்னவோ.

நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். கோபப்படாமல் கேள். ஏப்ரல் இரண்டுக்குப் போனாலும் மிளகு உன் வயிற்றில்தான் இருப்பாள். நாள் போகப் போக மே இருபது தானாக வரும், அவளும் பிறப்பாள். புரண்டு படுத்ததையே நீ எவ்வளவு தடுத்தும் அதே நிமிடத்தில் செய்யவில்லையா? உனக்கு ஒன்றும் குறையாது. ஏப்ரல் மூன்றாம் தேதி காலையில் நான் அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். எனக்கு அவர், உனக்கு அவள். இரண்டு பேருக்கும் இரண்டு பேரும்.

இதில் எங்கே தப்பு என்று நீ சொல். நான் எத்தனை முறை படித்துப் பார்த்தும் எனக்குத் தப்பு தெரியவில்லை.

சின்னவள்


6 ஜூலை

சின்னவளே,

என் கையெழுத்து. என் நோட்டில் கிழித்த தாள். 'ழ' போடும்போது நான் கீழே இழுக்கிற கோடுகூட இருக்கிறது. நான் எழுதாத கடிதம்.

மிளகுக்கு இன்னும் தலை நிற்கவில்லை. இந்தத் தாளில் அவள் புரளுகிறாள். நீலப் பாய் எதுவும் எங்களிடம் இருந்ததில்லை. நேற்று உன் அத்தான் கடைக்குப் போய்விட்டு வந்தார், கையில் நீலப் பாய். "பிள்ளைக்கு ஆகும்னு வாங்கினேன்" என்றார். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

தப்பு எங்கே என்று கேட்டாய். சொல்கிறேன். பதினாலு வருடமாகச் சலவைப் பிரிவில் இருக்கிறேன். ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒரே முத்திரை, ஆயிரம் விரிப்பு வரும். ஒன்று தொலைந்தால் இன்னொன்றை எடுத்து மடித்து வைக்கலாம், எண்ணிக்கை சரியாக வரும். நோட்டும் சரியாக இருக்கும். ஆனால் தொலைந்தது தொலைந்ததுதான். நீ எனக்கு எண்ணிக்கையைச் சரி செய்து தருகிறேன் என்கிறாய். வருகிறவள் இவள்தான் என்று யார் உறுதி சொல்வது? நீயா?

மாப்பிள்ளைக்கும் அதேதான். கதவைத் திறந்தால் நிற்கிறவர் அவர்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?

உனக்கு அவர் வேண்டும். எனக்கு இவள் வேண்டும். இதை இரண்டு பேருக்கும் நல்லது என்று மட்டும் எழுதாதே. சனிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன். உன் மடியில் போடுகிறேன். போட்ட பிறகு பிரிக்க முடிந்தால் பிரித்துக்கொள்.

அக்கா


18 மே

என் தங்கச்சிக்கு,

மூச்சு முட்டுகிறது, ஆனாலும் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். அட்டையை வயிற்றின் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன், நல்ல மேசை. உள்ளே இருக்கிற ஆள் உதைக்கிற உதையில் எழுத்து கோணினால் என்னைக் குற்றம் சொல்லாதே.

ஏப்ரலுக்குப் பிறகு நீ என்னோடு பேசவே இல்லை. நீ திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வர முடியாதபடி என்னைக் கட்டிலில் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்பது உனக்கும் தெரியும். தெரிந்தும் ஆறாது என்பதும் எனக்குத் தெரியும். நீ ஏதோ வகுப்புக்குப் போகிறாய், கம்பளி பின்னுகிறாய் என்று உன் அத்தான் சொன்னார். சின்னவளாவது, பின்னலாவது என்று சிரித்தேன். சிரிக்கும்போது வயிறு வலித்தது, நிறுத்திவிட்டேன்.

டாக்டர் இன்னும் ஒரு வாரம் என்கிறார். எனக்கென்னவோ பெண் என்று தோன்றுகிறது. பெண்ணோ பிள்ளையோ, முதலில் உன் கையில்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நர்சிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், "என் தங்கச்சி வருவா, கொஞ்சம் கோவக்காரி, கண்டுக்காதீங்க" என்று. வருவாய்தானே?

அக்கா


19 மே

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நான் இருக்கிற நிலைமையில் நீ இப்படிச் சிரித்துச் சிரித்து எழுதியதைப் படிக்க என் கண்ணுக்குத் தகுதியே இல்லை. காரணம் கேட்காதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருமுறை நீ பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். நீ வந்து சேர்வதற்குள் நான் அந்த நாளையே இல்லாமல் செய்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் என்னால் முடியாது என்று பயந்தேன். அப்புறம் நீ கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் இந்த இடத்தில் நின்றிருக்கிறேன். சோதித்துப் பார்க்காமல் இதற்கு மேல் ஒரு கண்ணியும் பிரிக்க மாட்டேன்.

வயிற்றில் இருப்பவள் பெண்தான். பயப்படாதே, நாளைக்கே சுகமாகப் பிறப்பாள். சென்ற முறை அவள் பிறந்த நாளுக்கு நான் ஒரு கெட்ட நிறம் போட்டேன். இந்த முறை அதைத் திருத்திவிட்டேன். நாளைய வரிசையை இன்றைக்கே போட்டு முடித்தாகிவிட்டது. மஞ்சள், அக்கா. கலப்பில்லாத மஞ்சள். மனசாரப் போட்டேன். இந்த ஒரு வரிசையிலாவது நான் உனக்கு நல்ல தங்கச்சியாக இருந்துவிட்டுப் போகிறேன்.

சின்னவள்


29 மே

அடியே சித்தி,

ஆமாம், முதல் முறையாகச் சித்தி ஆகிவிட்டாய். பையன்! மூன்று கிலோ நூறு. நீ எழுதியபடி இருபதாம் தேதியே வந்துவிட்டான். பெண் என்று நீயும் அடித்துச் சொன்னாய், நானும் அப்படித்தான் நினைத்தேன், இரண்டு பேர் முகத்திலும் கரியைப் பூசிவிட்டான். வாங்கி வைத்த சின்னச் சின்னக் கவுனை எல்லாம் என்ன செய்வது என்று உன் அத்தான் கேட்கிறார். போட்டால் போகிறது, அவனுக்கு என்ன தெரியப் போகிறது?

எவ்வளவு சாது தெரியுமா? அழுவதே இல்லை. பசித்தால்கூட வாயை மட்டும் மெல்லத் திறந்து மூடுகிறான். என் கழுத்துச் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம். பிடியை எடுத்தால் விழித்துவிடுகிறான். இதை எழுதுவதும் ஒரு கையால்தான்.

உடம்பும் மனசும் நன்றாக இருக்கின்றன. இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. ஏன் என்று தெரியவில்லை, நாலைந்து தடவை தொட்டிலைத் திரும்பிப் பார்த்து, வேறு யாரையோ எங்கேயோ படுக்கவைத்துவிட்டு மறந்து வந்ததுபோலப் பதறுகிறேன். எழுந்து போய் அடுத்த அறையில்கூடத் தேடிவிட்டு வந்தேன். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்கிறார் நர்ஸ். நீ என்னமோ சென்ற முறை, கெட்ட நிறம் என்றெல்லாம் எழுதியிருந்தாய், ஒன்றும் புரியவில்லை. நேரில் சொல். வா.

அக்கா


1 ஜூன்

அக்கா,

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பப் போவதில்லை. ஆலோசகர் அம்மா சொன்ன வேலை இது. அனுப்பாத கடிதம் எழுதுவதும் ஒரு கை வேலைதானாம்.

உன் வயிற்றில் இருந்தது அவள்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. திருத்தியவள் நான். சாம்பலாக இருந்த நாளில் அவள் பிறந்தாள். அது என் மனசின் அழுக்கு என்று நினைத்தேன், அவளுடைய நாள் என்று நினைக்கவில்லை. தவறு என்று கண்ணில் பட்டால் கோடு போட்டு அடித்துத் திருத்தாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. பதினோரு வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் ஒரு குழந்தையை அடித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் ஊசியை எடுத்தேன். பிரித்து மறுபடி சாம்பலைப் போட்டால் வருவாளோ என்று. அதற்குள், கழுத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான் என்ற வரியை இரண்டாம் முறை படித்துவிட்டேன். இவனையும் அடிக்க வேண்டும். அடித்தாலும் வருகிறது அவளாக இருக்காது. மூன்றாவதாக யாரோ. நீ அந்தப் பிள்ளையையும் இப்படியே ஆசையாகத் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு எழுதுவாய்.

அப்புறம் அவர். ஏப்ரல் இரண்டுக்குப் போகலாம். குழாயைச் சரி செய்துகொண்டு ஒருவர் குளியலறையில் இருப்பார். அவர் குரலில் கூப்பிடுவார். நான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். என்னால் அது முடியாது, அக்கா. நீதான் கேட்டாய், நிற்கிறவர் அவர்தான் என்று எப்படித் தெரியும் என்று. நீ கேட்டது உனக்கே தெரியாது.

நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆலோசகர் அம்மா மறுக்கவில்லை, நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை. "மூடிடலாமா?" என்றார். கடைசிக் கண்ணிகளை ஒன்றோடு ஒன்று முடிந்து, நூலை அறுத்து, நுனியைப் பின்னலுக்குள் இழுத்துவிட்டால் அப்புறம் யாராலும் பிரிக்க முடியாதாம். அவர் முடிச்சைக் காட்டிக் கொடுத்தார். கத்தரிக்கோலை என் கையில் வைத்துவிட்டு, அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான்தான் அறுத்தேன். கண்டக்டரும் டீச்சரும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரை நான் உண்மையிலேயே வழியனுப்பியது அப்போதுதான். ஏப்ரலில் இல்லை.

நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். பையனைத் தூக்குவேன். நான் அழுதால் மாப்பிள்ளை ஞாபகம் என்று நினைத்துக்கொள்வாய், நானும் ஆமாம் என்பேன். நீ என்னைக் கட்டிப்பிடித்துத் தேற்றுவாய். அதையும் வாங்கிக்கொள்வேன், வேறு வழியில்லை.

உனக்கு ஒரு பெண் இருந்தாள். நூற்றிருபத்தைந்து நாள் இருந்தாள். பால் தாமதித்தால் தெருவைக் கூட்டினாள், முறைத்தாள், புரண்டாள். அவளை மிளகு என்று கூப்பிட்டீர்கள். இப்போது அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அவளை ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

சின்னவள்